யாரைக் கேட்டு?

370 போய்விட்டது, 371 நிற்கிறது, லடாக் 'எங்களுக்கும் எழுதிக்கொடுங்கள்' என்கிறது. சிறப்பு அந்தஸ்து என்று நாம் சொல்வதன் அடியில் இருப்பது ஒரே ஒரு கேள்விதான்.

2019 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. அன்றைய இந்திய அரசிதழில் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வெளியானது. எண்: சி.ஓ. 272. காபி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம், அவ்வளவு சின்னது. 'சிறப்பு அந்தஸ்து ரத்து' என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அரசமைப்புச் சட்டம் முழுவதும் ஜம்மு காஷ்மீருக்கும் பொருந்தும் என்றது. பிறகு 367-ஆவது பிரிவில் ஒரு துணைப்பிரிவைச் சேர்த்தது. 367 என்பது அகராதிப் பக்கம் மாதிரி; இந்தச் சொல்லுக்கு இது பொருள் என்று விளக்குவதுதான் அதன் வேலை. அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: 370-இல் 'மாநிலத்தின் அரசியல் நிர்ணய சபை' என்று இருப்பதை 'மாநிலத்தின் சட்டமன்றம்' என்று படித்துக்கொள்க.

எழுபது ஆண்டு ஏற்பாட்டின் ஆணி அந்த ஒரு வரியில் கழன்றது.

ஆணையின் தொடக்கத்தில் 'மாநில அரசின் இசைவோடு' என்று இருக்கிறது. எந்த மாநில அரசு? சட்டமன்றம் எட்டரை மாதங்களுக்கு முன்பே, 2018 நவம்பரில், கலைக்கப்பட்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது குடியரசுத் தலைவர் ஆட்சி. மாநில அரசு என்றால் அப்போது ஆளுநர், டெல்லி நியமித்தவர். சரி, சட்டமன்றத்தின் பரிந்துரை? சட்டமன்றத்தின் அதிகாரம் அப்போது நாடாளுமன்றத்தின் கையில். டெல்லி கேட்டது, டெல்லியே தலையாட்டியது.

நம் வீடுகளில் பாதிச் சண்டை ஒரு கேள்வியில்தான் தொடங்கும். வரப்பை வெட்டினாயே, யாரைக் கேட்டு? கல்யாணத்துக்கு நாள் குறித்தாயே, யாரைக் கேட்டு? கூட்டாட்சியில் ஒரு பகுதிக்குத் தரப்படும் சிறப்பு அந்தஸ்தும் இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில்தான். 'இந்த விஷயத்தில் இன்னாரைக் கேட்காமல் கை வைக்கமாட்டோம்' என்ற உறுதிமொழி அது. தனிக்கொடி, தனிச்சட்டம், நில உரிமை எல்லாம் அந்த உறுதிமொழியின் கிளைகள். அந்த 'இன்னார்' யார், அவர் உயிரோடு இருக்கிறாரா, மக்கள் தேர்ந்தெடுத்தவரா, மேலிருந்து அனுப்பப்பட்டவரா என்பதை வைத்துத்தான் உறுதிமொழிக்கு மதிப்பு.

(ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஆந்திராவும் பிகாரும் கேட்பது 'சிறப்புப் பிரிவு மாநில' அந்தஸ்து. அது டெல்லியிலிருந்து வரும் நிதி பற்றியது. 1969-இல் தொடங்கிய ஏற்பாடு. அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நாம் இங்கே பேசுவது பணத்தைப் பற்றியல்ல, அதிகாரத்தைப் பற்றி.)

தஞ்சை மாவட்டத்துக்காரர் எழுதிய பிரிவு

370-ஐ வடித்தவர் ஒரு தமிழர். தஞ்சாவூர் மாவட்டத்தில் 1882-இல் பிறந்த என். கோபாலசாமி ஐயங்கார். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்தவர். 1937 முதல் 1943 வரை காஷ்மீர் மன்னரிடம் திவானாக இருந்தவர். அந்த மலைநாட்டின் அரசியலும் அரண்மனையும் அவருக்கு அத்துப்படி. நேரு தம் அமைச்சரவையில் காஷ்மீர் விவகாரத்தை அவரிடம் ஒப்படைத்தது அதனால்தான்.

1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் 306-ஏ என்ற வரைவுப் பிரிவை ஐயங்கார் முன்மொழிகிறார். நேரு அப்போது அமெரிக்கப் பயணத்தில் இருக்கிறார். மௌலானா ஹஸ்ரத் மோகானி குறுக்கிட்டு, இந்தப் பாகுபாடு எதற்கு என்று கேட்கிறார். மற்ற சமஸ்தானங்களுக்கு இல்லாதது காஷ்மீருக்கு மட்டும் ஏன்? ஐயங்காரின் பதில் நேரானது: அங்கே நிலைமை வேறு. போர் நடந்து முடிந்த மண், ஒரு பகுதி எதிரிகளின் கையில், விவகாரம் ஐ.நா. சபையில் கிடக்கிறது, மக்களின் விருப்பத்தை அறிவோம் என்று இந்தியா வாக்குக் கொடுத்திருக்கிறது. மற்ற சமஸ்தானங்களைப் போல முழுமையாக இணைவதற்கு காஷ்மீர் இன்னும் கனியவில்லை என்றார்; ஒரு நாள் கனியும் என்ற நம்பிக்கையையும் சொன்னார்.

1947 அக்டோபர் 26-இல் மன்னர் ஹரி சிங் கையெழுத்திட்ட இணைப்பு ஆவணம் மூன்று துறைகளை மட்டுமே இந்தியாவுக்குத் தந்தது: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல்தொடர்பு. 370 அந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. அதில் இரண்டு சொற்களை ஐயங்கார் கவனமாகப் பிரித்துவைத்தார். அந்த மூன்று துறைகள் தொடர்பான சட்டங்களுக்கு மாநில அரசோடு 'கலந்தாலோசித்தால்' போதும். மற்ற எதற்கும் அதன் 'இசைவு' வேண்டும். கல்யாண வீட்டில் ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதற்கும், அவர் சம்மதம் வாங்குவதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். அதே தூரம்தான் இது.

இதற்கும் மேலே ஒரு படி இருந்தது. அப்படித் தரப்பட்ட இசைவு, பின்னால் கூடப்போகும் ஜம்மு காஷ்மீரின் அரசியல் நிர்ணய சபை முன் வைக்கப்படவேண்டும். 370-ஐயே நீக்குவதானால் அந்தச் சபை பரிந்துரைக்கவேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் அந்தச் சபைதான் கடைசி 'இன்னார்'.

ஒரு சொல் மாறியது

ஆனால் அந்த அக்டோபரிலேயே ஒரு விரிசல் விழுந்துவிட்டது. 'மாநில அரசு' என்றால் யார் என்று பிரிவிலேயே ஒரு விளக்கம் உண்டு. காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லாவின் தரப்போடு பேசி முடித்த வரைவில், 1948 மார்ச் 5 பிரகடனத்தின்படி 'நியமிக்கப்பட்ட' அமைச்சரவை என்று இருந்தது. அது அப்துல்லாவின் அமைச்சரவை. சபையில் நிறைவேறிய வடிவத்தில் அது 'அவ்வப்போது பதவியில் இருக்கும்' அமைச்சரவை என்று ஆகிவிட்டது. அப்துல்லா கொதித்துப்போனார். பதவி விலகல் வரை பேச்சு வந்தது.

பார்ப்பதற்குச் சாதாரணச் சொல்மாற்றம். எந்த மாநிலத்திலும் ஆட்சி மாறத்தானே செய்யும்? வேறொரு கோணத்தில் பார்த்தால், கேட்கப்படவேண்டிய ஆளின் பெயர் பத்திரத்தில் அழிக்கப்பட்டு, 'அன்றைக்கு அந்த நாற்காலியில் யாரோ அவர்' என்று எழுதப்பட்டுவிட்டது. நாற்காலியில் இருப்பவரை மாற்ற முடிந்தால் போதும், இசைவு தானாக வரும்.

நான்கே ஆண்டுகள். 1953 ஆகஸ்டில் ஷேக் அப்துல்லா பதவி நீக்கப்பட்டுக் கைதானார். இடையில் 1958-இல் சில மாதங்கள் தவிர, 1964 வரை சிறைதான். நாற்காலிக்கு பக்ஷி குலாம் முகமது வந்தார். 1954 மே மாதம் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் பல பகுதிகளைக் காஷ்மீருக்கு நீட்டியது. நிரந்தரக் குடிகளின் உரிமைகளைக் காக்கும் 35-ஏ வந்ததும் அதே ஆணையில்தான். பிறகு ஆணைகள் வரிசை கட்டின. 1965-இல் 'சதர்-இ-ரியாசத்' என்ற மாநிலத் தலைவர், ஆளுநர் ஆனார். 'வசீர்-இ-ஆசம்' என்ற பிரதமர், முதலமைச்சர் ஆனார். ஒன்றியப் பட்டியலின் 97 இனங்களில் 94 இனங்கள், 395 பிரிவுகளில் 260 பிரிவுகள் காஷ்மீருக்குள் வந்து சேர்ந்தன.

370 சுவரோ மலையோ இல்லை, அது ஒரு சுரங்கப்பாதை, அதன் வழியாக நிறையப் போக்குவரத்து நடந்துவிட்டது என்ற பொருளில் 1964-இல் மக்களவையில் பேசினார் உள்துறை அமைச்சர் குல்சாரிலால் நந்தா. நாட்டின் ஒரு பாதி 370-ஐச் சுவர் என்று திட்டிக்கொண்டிருந்தது, மறு பாதி கோட்டை என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. உள்துறைக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது.

1986 ஜூலையில் இன்னொரு படி. காஷ்மீரில் அப்போது ஆளுநர் ஆட்சி. மாநிலப் பட்டியலில் உள்ளவற்றிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வழிவிடும் 249-ஆவது பிரிவை அங்கே நீட்டிக்க 'மாநில அரசின் இசைவு' தேவைப்பட்டது. ஆளுநர் ஜக்மோகனே இசைவு தந்தார். 2019-இல் நடந்ததற்கு ஒத்திகை முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பது இதில் தெரியும். ஒத்திகை நடந்தது காங்கிரஸ் காலத்தில் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கொடியில் ஒரு கலப்பை

2019 ஆகஸ்ட் வரை ஸ்ரீநகர் தலைமைச் செயலகத்தின் மீது இரண்டு கொடிகள் பறந்தன. ஒன்று மூவர்ணக்கொடி. இன்னொன்று சிவப்புத் துணியில் வெள்ளைக் கலப்பையும் மூன்று கோடுகளும் கொண்டது. கோடுகள் ஜம்மு, காஷ்மீர், லடாக். கலப்பை எதற்கு?

1950-இல் ஷேக் அப்துல்லா அரசு பெரும் நிலவுடைமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் 182 கனால், அதாவது 22.75 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பழத்தோட்டங்களுக்கு விலக்கு. மீதி உழுபவனுக்கு. நிலக்கிழாருக்கு இழப்பீடு கிடையாது. மற்ற மாநிலங்களில் அப்போது என்ன நடந்தது? பிகாரின் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை 1951-இல் பாட்னா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது; அடிப்படை உரிமைகளோடு அது மோதியது. அந்தச் சிக்கலைத் தாண்டவே அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தமும் ஒன்பதாவது அட்டவணையும் வந்தன. காஷ்மீருக்கு அந்தத் தடை இல்லை. இந்திய அரசமைப்பின் சொத்துரிமை அங்கே அப்போது பொருந்தவில்லை. நாட்டின் மிகத் துணிச்சலான நிலச்சீர்திருத்தம் நடந்த இடங்களில் ஒன்றாகக் காஷ்மீர் ஆனதற்குத் தனி அந்தஸ்தும் ஒரு காரணம். அந்தச் சட்டம் 2020 அக்டோபரில் நீக்கப்பட்டது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

1957-இல், உள்ளூர்த் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பஞ்சாபிலிருந்து வால்மீகி சமூகத்துக் குடும்பங்களை ஜம்முவுக்கு அழைத்துவந்தது மாநில அரசு. குடியிருக்க இடம் கிடைத்தது. நிரந்தரக் குடிகளுக்கான உரிமை மட்டும் துப்புரவு வேலையோடு முடிச்சுப்போடப்பட்டது. அங்கேயே பிறந்து, பட்டம் வாங்கிய பேரப்பிள்ளைகூட மாநில அரசில் துடைப்பம் பிடிக்கும் வேலைக்குத்தான் விண்ணப்பிக்க முடிந்தது. 1947-இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் மக்களவைக்கு வாக்களித்தார்கள். சட்டமன்றத்துக்கு வாக்களிக்க முடியவில்லை. வெளிமாநிலத்தவரை மணந்த பெண்ணின் உரிமையைப் பறிப்பதா என்ற கேள்விக்கு உயர் நீதிமன்றம் விடைசொல்ல 2002 ஆனது; அப்போதும் அவர் பிள்ளைகளின் நிலை தெளிவாகவில்லை.

'எங்களைக் கேட்காமல் செய்யாதே' என்று டெல்லியிடம் சொன்னவர்கள், தங்கள் வீட்டுக்குள் இருந்த சிலரைக் கேட்கவே இல்லை. சிறப்பு அந்தஸ்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த நோய் வர வாய்ப்புண்டு. 2019-இல் ரத்தை ஆதரித்தவர்கள் வைத்த வாதங்களில் வலுவானது இதுதான். ஆனால் அந்த அநீதிகளைத் தீர்க்க மாநிலத்தையே இரண்டாக வெட்டி யூனியன் பிரதேசமாக இறக்கவேண்டியிருந்ததா, மாதக்கணக்கில் இணையத்தை முடக்கவேண்டியிருந்ததா என்று கேட்டால் அதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. 4ஜி சேவை முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். பதினெட்டு மாதம் கழித்து.

பத்திரத்தில் பெயர் உள்ளவர் காலமாகிவிட்டால்?

'என் தமக்கையின் சம்மதம் இல்லாமல் இந்த வீட்டை விற்கக்கூடாது' என்று ஒருவர் பத்திரம் எழுதிவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமக்கை காலமாகிவிடுகிறார். இனி என்ன? சம்மதம் தர ஆளில்லை, ஆகவே வீட்டை விற்கவே முடியாதா? தடை சொல்ல ஆளில்லை, ஆகவே தாராளமாக விற்கலாமா? பத்திர எழுத்தரிடம் கேட்டால் இரண்டுக்கும் ஆள் இருப்பார்கள்.

370-க்கு நேர்ந்தது இதுதான். 1951 அக்டோபரில் கூடிய ஜம்மு காஷ்மீர் அரசியல் நிர்ணய சபை, 1956 நவம்பரில் மாநிலத்துக்கென ஓர் அரசமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஜனவரியில் கலைந்தது. 370-ஐ நீக்கு என்றும் சொல்லவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகள் இரு தரப்பும் அந்த மௌனத்துக்கு உரை எழுதின. சபை போய்விட்டது, எனவே 370 நிரந்தரமாகிவிட்டது என்றது ஒரு தரப்பு. தலைப்பிலேயே 'தற்காலிக ஏற்பாடு' என்று இருக்கிறதே என்றது மறு தரப்பு.

2019 ரத்தை எதிர்த்த மனுக்களை 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 16 நாள்கள் விசாரித்தது. டிசம்பர் 11-இல் தீர்ப்பு. நுணுக்கமாகப் படிக்கவேண்டிய தீர்ப்பு இது. அகராதிப் பக்கமான 367-இல் சொல்லை மாற்றி, அதன் வழியே 370-ஐ மாற்றியது செல்லாது என்றது நீதிமன்றம். திருத்தம் செய்ய அதற்கென்று உள்ள வழியில்தான் போகவேண்டும், பின்வாசல் கூடாது. இதைப் படித்தவுடன் மனுதாரர்கள் வென்றுவிட்டார்கள் என்று தோன்றும். அடுத்த பக்கங்களில் கதை திரும்புகிறது. அரசியல் நிர்ணய சபை இல்லாமல் போனபிறகு, அதன் பரிந்துரை இல்லாமலேயே 370-ஐச் செயலிழக்கச் செய்யும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு இருக்கிறது. ஆகவே ரத்து செல்லும். பின்வாசலில் வந்தது தவறு. ஆனால் முன்வாசல் திறந்தேதான் இருந்தது என்று ஆனது.

மாநிலத்தை யூனியன் பிரதேசமாக்கியது சரியா? விரைவில் மாநில அந்தஸ்து திரும்பும் என்று ஒன்றிய அரசு உறுதியளித்ததால் அந்தக் கேள்விக்குள் போகவில்லை என்றது நீதிமன்றம். லடாக்கைப் பிரித்தது செல்லும் என்றது. 2024 செப்டம்பர் 30-க்குள் தேர்தல் நடத்தச் சொன்னது.

இந்த இடத்தில் காஷ்மீரை மறந்துவிட்டு, மற்ற மாநிலத்துக்காரராக யோசித்துப் பாருங்கள். ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கவேண்டும் என்கிறது அரசமைப்பின் மூன்றாவது பிரிவு. குடியரசுத் தலைவர் ஆட்சியில் அந்தக் கருத்தையும் நாடாளுமன்றமே சொல்லிக்கொள்ளலாம் என்றால், அந்தச் சலுகை காஷ்மீர் எல்லையோடு நின்றுவிடும் என்று யார் உத்தரவாதம் தருவது?

【 பெட்டிச் செய்தி 】
371-இன் குடும்பம்

371-இல் தொடங்கி 371-ஜே வரை பதினோரு பிரிவுகள்; பயன்பெறுவன பன்னிரண்டு மாநிலங்கள். ஒரே பெயரில் இருந்தாலும் குணம் வேறு வேறு.

• 371: விதர்பா, மராத்வாடா, சௌராஷ்டிரா, கட்ச் பகுதிகளுக்கு வளர்ச்சி வாரியங்கள்.
• 371-டி: ஆந்திரா, தெலங்கானாவில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை, கல்வியில் முன்னுரிமை. உள்ளூர்க்காரர்களுக்கே அரசு வேலை என்ற முல்கி விதிகள் குறித்த மோதலுக்குப் பிறகு, 1973-இன் ஆறு அம்சத் திட்டத்திலிருந்து பிறந்தது.
• 371-எஃப்: 1975-இல் இணைந்த சிக்கிமின் பழைய சட்டங்களுக்குப் பாதுகாப்பு.
• 371-ஜி: 1986 மிசோ ஒப்பந்தத்தின் விளைவு. நாகாலாந்தைப் போன்றதே.
• 371-எச்: அருணாசலத்தில் சட்டம் ஒழுங்குப் பொறுப்பு ஆளுநருக்கு. இது தன்னாட்சி தருவதற்குப் பதில் எடுத்துக்கொள்கிறது!
• 371-ஐ: கோவா சட்டமன்றத்தில் 30 உறுப்பினர்களுக்குக் குறையக் கூடாது. அவ்வளவே.
• 371-ஜே: பீதர், கலபுரகி, ராய்ச்சூர் உள்ளிட்ட கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களுக்கு. 2012-இல் வந்தது.

கொஹிமாவின் பதில்

குடும்பத்தில் வலுவான பிள்ளை 371-ஏ. நாகா தலைவர்களுடன் 1960-இல் போட்ட பதினாறு அம்ச ஒப்பந்தத்தின் பலனாக, 1962-இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் வழியே வந்தது. அதே திருத்தத்தில்தான் அந்தப் பகுதியின் தலைப்பில் 'தற்காலிக, இடைக்கால' என்பவற்றோடு 'சிறப்பு' என்ற சொல்லும் சேர்ந்தது. 1963 டிசம்பர் 1-இல் நாகாலாந்து மாநிலம் பிறந்தது.

371-ஏ சொல்வது இது: நாகர்களின் சமய, சமூக வழக்கங்கள், மரபுவழிச் சட்டம், அந்த மரபுப்படி வழங்கப்படும் நீதி, நிலமும் அதன் வளங்களும். இந்த நான்கிலும் நாடாளுமன்றம் போடும் சட்டம், நாகாலாந்து சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றாலன்றிப் பொருந்தாது. 370-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. இங்கே 'இன்னார்' கலைந்துபோகும் ஒருமுறைச் சபை இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் புதுப்பிக்கும் சட்டமன்றம்.

வீட்டுக்குள் கேட்கப்படாதவர்கள் அங்கேயும் உண்டு. நகராட்சிகளில் பெண்களுக்கு 33 சதவீத இடஒதுக்கீடு என்றபோது, அது நாகா மரபுக்கும் 371-ஏ-வுக்கும் விரோதம் என்று பழங்குடி அமைப்புகள் கிளம்பின. 2017 தொடக்கத்தில் திமாப்பூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். கொஹிமாவில் அரசுக் கட்டடங்கள் எரிந்தன. முதலமைச்சர் பதவி விலகினார். மாநிலம் பிறந்து அறுபது ஆண்டுகள் கழித்து, 2023-இல்தான் முதல்முறையாகப் பெண்கள் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள்: ஹெக்கானி ஜக்காலு, சல்ஹூட்டுவோனுவோ குரூசே.

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். உச்ச நீதிமன்றம் விடாமல் நெருக்கியது. மாநில அரசு பழங்குடி அமைப்புகளோடு பேசியது. மாநிலச் சட்டமன்றமே 2023 நவம்பரில் புதிய நகராட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜூன் 26-இல் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. தாமதம்தான், அரைகுறைச் சமரசம்தான். ஆனாலும் கேட்டு, பேசி, அவர்கள் கையாலேயே எழுதவைத்து வந்த மாற்றம். 'தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா' என்று நம்மூரில் கேட்பார்கள். ஐயங்கார் காஷ்மீரைப் பற்றிச் சொன்ன கனிதல், கொஹிமாவில் ஒரு சின்னக் கிளையிலாவது நடந்திருக்கிறது.

371-ஏ-வும் இரும்புக்கோட்டை இல்லை. சாதாரணச் சட்டத்தை அது தடுக்கும். அரசமைப்புத் திருத்தத்தைத் தடுக்காது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பலம் உள்ள ஆட்சி நினைத்தால், நாகாலாந்தைக் கேட்காமலேயே 371-ஏ-வை எடுத்துவிட முடியும்.

கைதிகள் ஆட்சியாளர்களான தீவு

கேட்டுத்தான் தொடவேண்டும் என்பதை இதைவிட இறுக்கமாக எழுத முடியுமா? முடியும். பின்லாந்து கூட்டாட்சி நாடுகூட இல்லை. அதன் தென்மேற்கே பால்டிக் கடலில் சுமார் 30,000 பேர் வாழும் ஒலாண்ட் தீவுகள். பேசுவது ஸ்வீடிஷ். முதல் உலகப்போர் முடிந்ததும் 'ஸ்வீடனோடு சேர்கிறோம்' என்று கிளம்பினார்கள். இயக்கத்தின் தலைவர்களான ஜூலியஸ் சுண்ட்ப்லோம், கார்ல் பியோர்க்மன் இருவரையும் 1920-இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதுசெய்தது பின்லாந்து. விவகாரம் சர்வதேச சங்கத்துக்குப் போனது. தீவுகள் பின்லாந்துக்கே, ஆனால் மொழிக்கும் நிலத்துக்கும் தன்னாட்சிக்கும் உத்தரவாதம் வேண்டும் என்பது 1921-இல் வந்த முடிவு.

அடுத்த ஆண்டே தீவின் நாடாளுமன்றம் கூடியது. சிறையிலிருந்த சுண்ட்ப்லோம் அதன் முதல் சபாநாயகர். பியோர்க்மன் முதல் ஆட்சித் தலைவர். பிரிவினை கேட்டவர்களிடமே பின்லாந்து ஆட்சியைக் கொடுத்தது. இன்று ஒலாண்டில் நிலம் வாங்க அங்கே ஐந்தாண்டு குடியிருந்து, ஸ்வீடிஷ் தெரிந்து, குடியுரிமைச் சான்று பெறவேண்டும். நம் 35-ஏ-வுக்குத் தம்பி போல. தன்னாட்சிச் சட்டத்தில் ஒரு வரியை மாற்றவேண்டுமானால் பின்லாந்து நாடாளுமன்றம், ஒலாண்ட் நாடாளுமன்றம் இரண்டும் சம்மதிக்கவேண்டும். நூறு ஆண்டு கடந்துவிட்டது. பின்லாந்து உடையவில்லை.

1953-இல் சிறைக்குப் போன ஷேக் அப்துல்லாவும் முதலமைச்சராகத் திரும்பி வந்தார், 1975-இல், இந்திரா காந்தியோடு உடன்பாடு போட்டு. ஆனால் இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர் விட்டுப்போன அதிகாரமும் திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போது கேட்பவர்கள்

2024 இலையுதிர்காலத்தில் ஜம்மு காஷ்மீரில் தேர்தல் நடந்தது. அக்டோபர் 16-இல் ஷேக்கின் பேரன் உமர் அப்துல்லா முதலமைச்சரானார். யூனியன் பிரதேசத்தின் முதலமைச்சர். காவல் துறை துணைநிலை ஆளுநரிடம். நவம்பர் 6-இல் சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: சிறப்பு அந்தஸ்து குறித்து மக்கள் பிரதிநிதிகளோடு பேசுங்கள். 370-ஐத் திருப்பிக் கொடு என்று சொல்லாமல், பேசு என்றது. மிதமான சொல் என்று சில கட்சிகள் முணுமுணுத்தன. ஆனால் 2019-இல் விடுபட்டுப்போனது எதுவோ, அதைத்தான் அந்தச் சொல் கேட்கிறது.

லடாக்கின் கதை இன்னும் கூர்மையானது. 2019-இல் லே நகரம் கொண்டாடியது. ஸ்ரீநகரின் பிடியிலிருந்து விடுதலை என்றது. பொறியாளரும் கல்வியாளருமான சோனம் வாங்சுக் பிரதமருக்கு நன்றி சொன்னார். கார்கில் மட்டும் கடையடைத்தது. பிறகு கணக்குப் பார்த்தார்கள். பழைய மாநிலச் சட்டமன்றத்தில் லடாக்குக்கு நான்கு உறுப்பினர்கள். இப்போது சட்டமன்றமே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி 2.74 லட்சம் மக்கள், அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பழங்குடிகள். நிலத்தையும் வேலையையும் பற்றி முடிவெடுப்பவர் துணைநிலை ஆளுநர். ஆறாவது அட்டவணையில் சேருங்கள் என்று தேசியப் பட்டியல் பழங்குடியினர் ஆணையம் 2019 செப்டம்பரிலேயே பரிந்துரைத்தது. ஆறாவது அட்டவணை அஸ்ஸாம், மேகாலயா, திரிபுரா, மிசோரமின் பழங்குடிப் பகுதிகளில் தன்னாட்சி மாவட்ட மன்றங்களை அமைக்கிறது. நிலம், காடு, மரபு குறித்துச் சட்டம் இயற்ற அவற்றுக்கு அதிகாரம் உண்டு.

பௌத்தர்கள் மிகுந்த லேயும், முஸ்லிம்கள் மிகுந்த கார்கிலும் எதிரெதிரே நின்ற ஊர்கள். இரண்டும் இந்தக் கோரிக்கையில் ஒரே மேடை ஏறின. உண்ணாவிரதம், நடைப்பயணம், பேச்சுவார்த்தை. 2025 ஜூனில் டெல்லி சில விதிகளைத் தந்தது: 15 ஆண்டு குடியிருப்பு நிபந்தனை, வேலைகளில் 85 சதவீத இடஒதுக்கீடு. நல்ல விதிகள்தான். ஆனால் அவை டெல்லி எழுதியவை. டெல்லி நினைத்தால் அழிக்கலாம். செப்டம்பர் 24-இல் லேயில் போராட்டம் வன்முறையானது. துப்பாக்கிச்சூட்டில் நால்வர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகி ஜோத்பூர் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

2019-இல் காஷ்மீரைக் கேட்கவில்லையே என்று லேயில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அன்றைக்கு அது அடுத்த வீட்டு விவகாரம். ஒரு வீட்டுக்காரரைக் கேட்காமல் செய்வது பழக்கமாகிவிட்டால், அந்தத் தெருவில் யாரையும் கேட்கவேண்டியதில்லை என்பது பிறகுதான் உறைக்கும்.

லடாக்கோடு நடக்கும் பேச்சில் கடைசியில் ஒரு பத்திரம் எழுதப்படலாம். ஆறாவது அட்டவணையாகவோ, 371-இன் குடும்பத்தில் பன்னிரண்டாவது பிள்ளையாகவோ இருக்கலாம். எத்தனை சதவீதம் ஒதுக்கீடு, எத்தனை ஆண்டு குடியிருப்பு என்பதைத் தாண்டி, அதில் ஒரே ஓர் இடத்தை முதலில் தேடிப் படியுங்கள். '........ இசைவு இல்லாமல் மாற்றக் கூடாது' என்ற வரியில் அந்தப் புள்ளிகளின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று. 1949 அக்டோபரில் அந்த இடத்தில் இருந்த ஒரு சொல் மாறியபோது சபையில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.